தீனிப் பூச்சி கூண்டைத் தாண்டாமல் இருக்க: வாசகர் கேள்வி பதில்

பல்லி இனங்களை வளர்க்கும் வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: பிராணிக்கு வாங்கிய உயிர்ப்பூச்சி அதன் வாய்க்குப் போகாமல் வீட்டுக்குள் திரிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மூடி, ஒரே டேப் என்று போனால் பலிக்காது. சுவர்க்கோழி தாவும், வெட்டுக்கிளி கண்ணாடியில் ஏறும், புழு மண்ணுக்குள் போகும், டூபியா என்ற தீனிக் கரப்பான் இருட்டான மூலையைத் தேடும். எந்தப் பூச்சி எப்படி நகரும் என்று தெரிந்துகொண்டு அந்த வழியை அடைத்தால்தான் வேலை நடக்கும்.

கேள்வி: மகளின் பியர்டட் டிராகன் பல்லிக்கு 4 அடி மர விவேரியம் (பல்லி வளர்க்கும் பெட்டி) வைத்திருக்கிறோம். முன்பக்கம் இரண்டு சறுக்குக் கண்ணாடிக் கதவுகள், பூட்டும் உண்டு. கடையில் கிரிக்கெட் என்று விற்கும் சுவர்க்கோழிதான் தீனி, அதுவும் சின்ன சைஸ். கதவு மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி சோபாவுக்கு அடியிலிருந்து சத்தம் வருகிறது. எந்த வழியாகப் போகிறது?
வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

சத்தம் வருகிறது என்பதே ஒரு தகவல். சுவர்க்கோழியில் சிறகு முளைத்த ஆண் மட்டும்தான் சத்தமிடும். நீங்கள் வாங்குவது சின்ன சைஸ் என்றால், அது குஞ்சாக வெளியே வந்து உங்கள் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறது. ஆகவே இது நேற்று தப்பியது இல்லை, ஓட்டை சில வாரங்களாகவே திறந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு கதவுகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும் பகுதி. முன் கண்ணாடி ஒரு பள்ளத்திலும் பின் கண்ணாடி இன்னொரு பள்ளத்திலும் ஓடுவதால், பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இடையில் மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து இருந்தே தீரும். ஏடிஎம் அட்டை ஒன்றை எடுத்து அதில் நுழைத்துப் பாருங்கள். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. ஒரு அட்டை நுழைந்தால் புதிதாகப் பொரித்த குஞ்சு போய்விடும். மூன்று அட்டைகள் சேர்ந்து நுழைந்தால் நீங்கள் வாங்கும் சின்ன சைஸுக்கு அது வாசல். பூச்சியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், ஆகவே நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்தச் சந்தை அடைக்க ஜன்னலுக்குக் குளிர்காற்று வராமல் ஒட்டும் பிரஷ் பட்டை போதும். 5 அல்லது 6 மி.மீ. உயரத்தில், பின்புறம் பசையுள்ளதாக வாங்குங்கள். முன் கண்ணாடியின் உள்முகத்தில், பின் கண்ணாடியோடு மேற்கவியும் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக ஒட்ட வேண்டும். ஒட்டும் முன் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். கதவை நகர்த்தும்போது பிரஷ் லேசாக உரசினால் சரியான அளவு. மடங்கிப் படுத்துக்கொண்டால் உயரம் அதிகம், கதவும் சிக்கும். (சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் அலுமினிய ஜன்னல் போடும் கடையில் ‘வுல் பைல்’ என்று கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.)

அடுத்தது பின்பலகை. விளக்கு ஒயரும் தெர்மோஸ்டாட் ஒயரும் போக 2 முதல் 3 செ.மீ. வட்டத்தில் துளை போட்டிருப்பார்கள். ஒயர் போக மீதி முழுக்கத் திறந்தே கிடக்கும். விவேரியத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவதால் யார் கண்ணிலும் படாது. மீன் தொட்டி ஃபில்டரின் ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் கீறி, ஒயரைச் சுற்றிச் செருகுங்கள். சுவர்க்கோழி ஸ்பாஞ்சைக் கடிக்கும், எனவே மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சூடேறும் விளக்குத் தலைப்புக்கு அருகில் மட்டும் ஸ்பாஞ்ச் கூடாது.

காற்றுத் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளின் கீற்று 2, 3 மி.மீ. இருக்கும். உட்புறமாக ஸ்டீல் வலை வைத்து ஒட்டுங்கள், கண் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நைலான், ஃபைபர் கொசுவலை எல்லாம் சுவர்க்கோழிப் பல்லுக்குத் தாங்காது. டேப் போட்டு துளையையே அடைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்று தேங்கினால் ஈரம் தேங்கும், டிராகனுக்கு நுரையீரல் தொற்று வரும். அது பூச்சித் தொல்லையைவிடப் பெரிய கஷ்டம்.

பலகை மூட்டுகளுக்கு மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகான் பூசுங்கள். பாத்ரூம் சிலிகானில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம். பூசியதும் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை அறவே போகும்வரை, பல நாள் ஆனாலும், டிராகன் வேறு பெட்டியில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பிரகாசமான டார்ச் ஒன்றை உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். வெளியே நின்று நாலு பக்கமும், முக்கியமாகப் பின்பக்கமும் பாருங்கள். வெளிச்சக் கோடு தெரியும் இடமெல்லாம் பூச்சி போகும் இடம். கதவு ஓடும் கீழ்ப் பள்ளத்தையும் துடைத்து வையுங்கள். மண்ணும் கீரைத் துணுக்கும் சேர்ந்த பள்ளத்தில் ஒளிந்திருக்கும் பூச்சி, கதவைத் தள்ளியதும் அந்த நகர்விலேயே வெளியே தாவிவிடும்.

கேள்வி: ஒரு வருடமாக டூபியா வளர்க்கிறேன். சமையலறையில் கரப்பான் தென்பட்டால் போதும், உன் பெட்டியிலிருந்துதான் வந்தது என்கிறார் மாமியார். உண்மையில் அப்படி இருக்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், வேளச்சேரி, சென்னை

பிடித்த பூச்சியைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டம்ளரில் போட்டுப் பாருங்கள். டூபியாவின் பாதத்தில் வழவழப்பான பரப்பைப் பற்றும் திண்டு வேலை செய்யாது. முன்னங்காலைத் தூக்கிக் கண்ணாடியில் வைக்கும், வழுக்கும், மறுபடி வைக்கும், அடியிலேயே சுற்றி வரும். வீட்டுக் கரப்பான் கீழே விழுந்த வேகத்தில் நேராக மேலேறி விளிம்புக்கு வந்துவிடும், கையில் தட்டு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உருவமும் வேறு. டூபியாக் குஞ்சு அகலமாக, சப்பையாக, முதுகில் அடுக்கடுக்காக இருக்கும். வளர்ந்த பெண்ணுக்குச் சிறகு வெறும் குட்டை மடல்தான். ஆணுக்கு முழுச் சிறகு உண்டு, ஆனால் உயரத்திலிருந்து படபடத்து இறங்கத்தான் அது உதவும்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அலமாரி மூலையிலும் அட்டைப்பெட்டி மடிப்பிலும் கரும்பழுப்பு முட்டைக்கூடு ஒட்டியிருந்தால் அது வீட்டுக் கரப்பானுடையது. டூபியா முட்டைக்கூட்டை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து உயிருள்ள குஞ்சுகளாக ஈனும். மாமியாரிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடுங்கள்.

ஆனால் அவருடைய பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டோம். லண்டன் குளிரில் தப்பிய டூபியா பெருகுவது கடினம். சென்னை வெப்பமும் ஈரமும் அதற்கு வருடம் முழுக்கத் தோதாக இருப்பவை. ஆகவே பெட்டியைக் கவனமாக அமையுங்கள்.

40, 50 லிட்டர் ஸ்டோரேஜ் பாக்ஸ், உயரம் 30 செ.மீ.க்குக் குறையாமல். கைப்பிடி இருக்கும் இடத்தில் துளை உள்ள பெட்டியை வாங்காதீர்கள். பிறந்த குஞ்சு 3, 4 மி.மீ.தான், அந்த வழியே போதும். முட்டை அட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், மேல்விளிம்புக்கு 10 செ.மீ. கீழேயே முடியட்டும். பழைய பெட்டியின் சுவரில் கீறல் விழுந்து சொரசொரப்பாகியிருந்தால் அதில் கால் பிடிக்கும். உட்புறம் மேலே 5 முதல் 7 செ.மீ. அகலத்துக்கு அகலமான செலோ டேப்பைச் சுருக்கமில்லாமல் சுற்றிலும் ஒட்டுங்கள். டேப்பில் மாவும் எச்சமும் படிந்தால் அதுவே ஏணி, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். மூடியில் 15 க்கு 20 செ.மீ. அளவில் வெட்டி ஸ்டீல் வலையை உட்புறமாக வைத்துச் சூடான பசையால் ஒட்டினால் காற்றும் கிடைக்கும்.

நம் ஊரில் பூச்சி வெளியே போவதைவிட எறும்பு உள்ளே வருவது பெரிய ஆபத்து. ஒரே இரவில் பெட்டியைக் காலி செய்துவிடும். பெட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய முறை இன்றும் சிறந்தது. ஆனால் அந்தக் கிண்ணம் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். வாரம் இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் எறும்பும் மிதந்து கடக்காது.

மிக முக்கியமானது: கரப்பான் சாக்பீஸ், எறும்புப் பவுடர், ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சு. கோட்டைக் கடந்த பூச்சி உடனே சாகாமல் நடமாடும். அதைப் பிடித்து மறுபடி தீனியாகப் போட்டால் நஞ்சு பல்லியின் வயிற்றுக்குப் போகும். வீட்டுக்குள் திரிந்து பிடிபட்ட பூச்சியை, சாக்பீஸ் போடாத வீடாக இருந்தாலும், தீனியாகப் போடாதீர்கள். அதை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டு எறியுங்கள்.

கேள்வி: வெயில்டு என்ற வெளிநாட்டுப் பச்சோந்தி வளர்க்கிறேன், சுற்றிலும் அலுமினிய வலை போட்ட கூண்டு. பூச்சியை உள்ளே விட்டால் இரண்டு நிமிடத்தில் பாதி காணோம். இன்னும் நெருக்கமான வலை மாற்றலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

வலையை மாற்ற அவசரப்படாதீர்கள். சாதாரண ஜன்னல் வலையின் கண் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை. அதில் நுழைவது மிகச் சின்னக் குஞ்சுகள்தான். 6 மி.மீ.க்கு மேல் நீளமுள்ள பூச்சி வலை வழியாகப் போகாது. அவை போவது கதவின் அடிச்சந்திலும், தண்ணீர் வடிய அடியில் போட்ட துளைகளிலும். அந்த இரண்டையும் அடையுங்கள்: வடிகால் துளைமேல் ஸ்டீல் வலைத் துண்டு, கதவு அடியில் வுல் பைல் அல்லது காந்தப் பட்டை.

மேற்கூரையில் இரண்டாவது வலை போடவே கூடாது. யூவிபி (புற ஊதா) விளக்கின் கதிரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வலையே தடுத்துவிடும். அதன்மேல் இன்னொரு அடுக்கு வந்தால் எஞ்சுவது போதாது, பச்சோந்திக்கு எலும்பு மெலியும்.

பூச்சியைக் கூண்டில் இறைப்பதை நிறுத்திவிட்டுக் குவளையில் கொடுங்கள். 1 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி, உள்சுவர் வழவழப்பாக, 15 முதல் 20 செ.மீ. ஆழம். பச்சோந்திக்கு எதிரே வரும் பின்சுவரில் மட்டும் ஒரு வலைத் துண்டை ஒட்டுங்கள். பூச்சி அதில் ஏறி நிற்கும்போதுதான் பச்சோந்தியின் கண்ணில் படும். வலை விளிம்புக்கு 5 செ.மீ. கீழேயே முடிய வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வெளியேற வழியாகிவிடும். வலையைச் சுவரோடு படிய ஒட்டுங்கள். தளர்ந்து நின்றால் நாக்கு நுனி சிக்கிக் காயமாகும். பிராணி வழக்கமாக உட்காரும் கிளையிலிருந்து 20, 25 செ.மீ. தள்ளி, அதே உயரத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் தெளிப்பதால் ஜாடியில் நீர் தேங்கும், அடியில் சூடான ஊசியால் நாலைந்து துளை போடுங்கள். ஒரு கேரட் துண்டும் உள்ளே கிடக்கட்டும்.

முதல் நாள் சில பச்சோந்திகள் குவளையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதன் கண் முன்னாலேயே ஒரு பூச்சியை விட்டு, தினமும் அதே இடத்தில் வையுங்கள், பழகிவிடும்.

ஒரு குறிப்பு: வெயில்டு பச்சோந்தி, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். இந்தியாவில் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் காட்டில் வாழும் பச்சோந்தியை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவே முடியாது.

கேள்வி: லெப்பர்ட் கெக்கோ பல்லியின் தொட்டி முழுக்க மூடியது, வெளியே ஒரு பூச்சிகூட வருவதில்லை. ஆனால் போட்ட கிரிக்கெட் உள்ளேயே மாயமாகிறது. நேற்று இரவு தூங்கிக்கொண்டிருந்த கெக்கோவின் கால்விரலை ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. பின்னால் பாறை மாதிரி ஃபோம் சுவர் வைத்திருக்கிறோம்.
வாசகி, ஸ்கார்பரோ, கனடா

அந்த ஃபோம் சுவரை இன்றே வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் கண்ணாடிக்கும் இடையே விரல்கடை அளவு இருந்தால் போதும், இருட்டும் விளக்குச் சூடும் சேர்ந்த இடத்தைச் சுவர்க்கோழி விடாது. அதோடு ஃபோமையே குடைந்து உள்ளே போகும். பாலிஸ்டைரினைச் சுவர்க்கோழியும் கடிக்கும், சூப்பர்வார்ம் என்ற பெரிய தீனிப்புழு தின்றே தீர்க்கும். அந்தச் சந்தில் ஸ்பிரே ஃபோம் அடித்து அடைப்பது பலருக்குத் தோன்றும் வழி, அதையும் சில வாரத்தில் சுரண்டிவிடும்.

சுவர் வேண்டும் என்றால் அதன்மேல் டைல் கிரவுட்டை மெல்லிய அடுக்குகளாக மூன்று தரம் பூசிக் காயவிட்டு, பிறகு தண்ணீர் சார்ந்த வார்னிஷ் பூசி, நாலு ஓரத்தையும் சிலிகானால் கண்ணாடியோடு ஒட்டிவிடுங்கள். அத்தனை வேலை வேண்டாம் என்றால் வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். கெக்கோவுக்கு அதுவே போதும்.

கடிப்பது அலட்சியப்படுத்தும் விஷயம் இல்லை. பசித்த சுவர்க்கோழி விரல், வால் நுனி, கண்ணிமை எனத் தோல் மெல்லிய இடமாகப் பார்த்துச் சுரண்டும். புண் சீழ் பிடித்தால் ஊர்வன மருத்துவரிடம் காட்டுங்கள். இனிமேல் எண்ணிப் போடுங்கள். வளர்ந்த கெக்கோவுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 5 முதல் 7 வரை போதும், ஒவ்வொன்றும் அதன் இரு கண்ணுக்கிடையே உள்ள அகலத்தைத் தாண்டாமல். இரண்டிரண்டாக விட்டு, தின்ற பிறகு அடுத்த இரண்டு. 15 நிமிடத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாமல் ஒன்று ஒளிந்துகொண்டால் அன்றிரவு ஒரு கேரட் துண்டைக் கெக்கோ தூங்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். பூச்சி அதற்குப் போகும், காலையில் அங்கேயே பிடிக்கலாம்.

கெக்கோ தோலுரிக்க வைக்கும் ஈரப் பெட்டிக்குள் இருக்கும் பாசியையும் கிளறிப் பாருங்கள். பெண் பூச்சி ஈரத்தில்தான் முட்டையிடும். 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கில் பொரிந்து வரும், அந்த சைஸுக்கு எந்தக் கதவும் நிற்காது.

கேள்வி: புழுக் கிண்ணத்திலிருந்து மீல்வார்ம் ஏறிப் போய்விடுகிறது. கூண்டைச் சுத்தம் செய்தபோது மணலுக்குள் கறுப்பு வண்டுகள் இருந்தன. அரிசி மூட்டைக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, மதுரை

அந்த வண்டு மீல்வார்மின் வளர்ந்த நிலை. மணலுக்குள் புதைந்த புழு கூட்டுப்புழுவாகி, ஒன்று முதல் மூன்று வாரத்தில் வண்டாக வரும். அது தானியத்தையும் மாவையும் கெடுக்கும் இனம்தான், எனவே உங்கள் பயம் நியாயமானது. அரிசி, ரவை, மைதா, கோதுமை மாவு எல்லாம் இறுக்கமான மூடியுள்ள டின்னுக்கு மாறட்டும்.

கிண்ணத்துக்குக் கடை தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் ஸ்டீல் டபராவே மீல்வார்முக்குப் போதும். சுவர் நேராக, வழவழப்பாக, 4, 5 செ.மீ. உயரமாக இருப்பதால் புழுவால் ஏற முடியாது. பாதி உயரத்துக்குத் தரையில் புதைத்து வைத்தால் பல்லி எட்டிப் பார்த்துத் தின்னும். வெளிச்சுவர் எப்படி இருந்தாலும் கவலையில்லை. விளக்கடியில் ஸ்டீல் சுடும், எனவே குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். டபராவுக்குள் இலைத் துணுக்கோ ஈரத்தில் கட்டிப்போன கால்சியம் மாவோ இருந்தால் அதன்மேல் மிதித்து ஏறும், தினமும் துடைத்துவிடுங்கள்.

சூப்பர்வார்முக்கு டபரா பத்தாது. 5 செ.மீ. வரை நீளும் புழு, வாலை ஊன்றித் தலையை விளிம்பில் போட்டுத் தாண்டிவிடும். 7, 8 செ.மீ. ஆழமுள்ள, வாய் உள்நோக்கி வளைந்த பீங்கான் கிண்ணம் வேண்டும். இந்தப் புழு கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாகாது, தனித்து விடப்பட்டால்தான் மாறும். ஆகவே தப்பிப் புதைந்த அந்த ஒரே ஒரு புழுதான் பிறகு வண்டாக வந்து நிற்கும்.

மணலை எடுத்துவிட்டு டைல் போடுவதே நல்லது. புதைய இடமில்லாவிட்டால் தொலையவும் வழியில்லை. மீதமுள்ள மீல்வார்மை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் தவிட்டோடு வைக்கலாம், வளர்ச்சி மெதுவாகும். சூப்பர்வார்மை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும்.

கேள்வி: வெட்டுக்கிளிப் பெட்டியின் விளிம்பில் வாசலின் தடவியும் பயனில்லை. ஏன்?
வாசகர், ஹாரோ, லண்டன்

வெட்டுக்கிளியின் பாதத்தில் ஒட்டும் திண்டு உண்டு, கண்ணாடியே அதற்குப் படிக்கட்டு. வாசலின் பட்டையை ஒரே தாவலில் கடந்துவிடும், சிறகு முளைத்தது பறந்தே கடக்கும். அதற்கு இறுகிய மூடி ஒன்றுதான் தீர்வு. மூடியில் கை நுழையும் அளவு வட்டம் வெட்டி, பழைய கால்சட்டையின் கால் பகுதியையோ தடித்த காலுறையையோ சுற்றிலும் ஒட்டிவிடுங்கள். கையை அதற்குள் விட்டு எடுத்தால் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் முடிச்சுப் போட்டுவிடலாம். வெளிச்சத்தை நோக்கிப் போகும் பூச்சி என்பதால், மூடிக்கு எதிர்ப்பக்கம் விளக்கு இருந்தால் எல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கும்.

வாசலின் பட்டை சுவர்க்கோழி, டூபியா பெட்டிகளுக்கு உதவும். பிராணி வாழும் கூண்டில் தடவாதீர்கள். விளக்குச் சூட்டில் உருகி வழியும், தோலில் அப்பும்.

கேள்வி: கடைப் பெட்டியைத் திறந்ததும் ஐம்பது சுவர்க்கோழி வீடெல்லாம் தாவிவிட்டன. எப்படிப் பிடிப்பது? அடுத்த முறை எப்படித் திறப்பது?
வாசகர், கிள்ளான், மலேசியா

முதலில் பிடிக்கும் வழி. அவை இருட்டும் கதகதப்பும் ஈரமும் சேரும் இடத்துக்குப் போகும்: ஃபிரிட்ஜின் பின்புறம், சிங்க்கின் கீழ், குளியலறை, பூந்தொட்டி. அரை லிட்டர் ஜாம் பாட்டில்கள் நாலைந்தை எடுத்து, வெளிச்சுவரில் காகித டேப் சுற்றி ஏற வசதி செய்யுங்கள். உள்ளே விளிம்பிலிருந்து 3 செ.மீ.க்கு வாசலின். அடியில் கேரட் துண்டும் ஒரு சிட்டிகை மீன் தீனியும். சுவரும் தரையும் சேரும் மூலையில் பாட்டிலை வைத்து விளக்கை அணைத்துவிடுங்கள். சுவரை ஒட்டியே நடக்கும் பழக்கம் என்பதால் நடுக்கூடத்தில் வைத்தால் விழாது. நாலைந்து இரவு தொடர்ந்து வையுங்கள். பூந்தொட்டியின் மேல்மண்ணைக் காயவிட்டால் முட்டையிட இடம் இருக்காது. பசை அட்டை வைத்தால் வீட்டுப் பல்லியும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காமல் சமையல் எண்ணெயை ஊற்றி மெல்ல விடுவியுங்கள்.

அடுத்த முறை திறக்கும் முன் பெட்டியை ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, 5 நிமிடம் வையுங்கள். பூச்சி மந்தமாகும். பத்து நிமிடத்தைத் தாண்டவிடாதீர்கள். 40, 45 செ.மீ. ஆழமுள்ள வாளிக்குள் பெட்டியை வைத்து, வாளிக்குள்ளேயே திறங்கள். பூச்சி முட்டை அட்டையில் தொற்றியிருக்கும். அட்டையைத் தூக்கி, தேவையானதை ஒரு பாலிதீன் பையில் தட்டி, கால்சியம் மாவு போட்டுக் குலுக்குங்கள். பையின் வாயைக் கூண்டுக்குள் நுழைத்த பிறகே விரலைத் தளர்த்துங்கள். கூண்டுக்கு வெளியே திறந்த பையோடு ஓர் அடிகூட நடக்காமல் இருப்பதுதான் இதில் முக்கியம்.

கேள்வி: தாவாத, ஏறாத, பறக்காத தீனி ஏதாவது உண்டா?
வாசகி, தருமபுரி

உங்கள் ஊரிலேயே இருக்கிறது, பட்டுப்புழு. இலை இருக்கும்வரை தட்டை விட்டு நகராது, வளர்ந்த அந்துப்பூச்சியாலும் பறக்க முடியாது. மென்மையான உடம்பு, கொழுப்பும் குறைவு, பியர்டட் டிராகனும் பச்சோந்தியும் விரும்பித் தின்னும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மல்பெரி வளர்க்கும் விவசாயிகளிடம் கேட்டால் கிடைக்கும். கேட்கும்போதே இரண்டு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: மல்பெரி இலைக்கு மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று, புழுப் படுக்கையில் கிருமிநாசினித் தூள் தூவியிருக்கிறார்களா. தூள் தூவிய புழு தீனிக்கு ஆகாது. அடுத்த வளர்ப்பில் தூவும் முன்பே இளம்புழுவாக ஒரு தட்டு ஒதுக்கித் தரச் சொல்லி, மருந்தடிக்காத இலையில் வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள். ஈர இலை போடாதீர்கள், துடைத்துப் போடுங்கள். எறும்புக்கு மட்டும் மேலே சொன்ன தண்ணீர்க் கிண்ணம் இதற்கும் வேண்டும்.